அலெக்ஸ் ஸ்மித்தின் வலது கால்

எலும்பு முறிந்தவர்களைத் திரும்ப நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கால் உடைந்து வருபவரின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எப்போ சார் நடப்பாரு?" அடுத்தது, "ராடா, பிளேட்டா?" எடுத்த எடுப்பில் "புண்ணு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று புரியவைக்க நான் அடிக்கடி சொல்லும் கதை ஒரு அமெரிக்க விளையாட்டு வீரருடையது. அலெக்ஸ் ஸ்மித் என்று பெயர். யூடியூபில் இவரைப் பற்றி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பின்னணி இசையோடு "மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம்" ரகம். எனக்கு அவற்றின்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். அமெரிக்கன் ஃபுட்பால் என்று பெயரே தவிர, காலால் உதைப்பது குறைவு. இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள், இடித்துத் தள்ளுவார்கள். அணியின் மூளை குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். வந்த பிறகு இரண்டரை, மூன்று நொடிதான் அவகாசம். அதற்குள் யாருக்கு வீசுவது என்று முடிவு செய்து பந்தைக் கையைவிட்டு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் நூறு, நூற்றைம்பது கிலோ ஆட்கள் ஓடி வந்து மேலே விழுவார்கள். வலக்கைக்காரர் வீசுவதற்காக உடலைத் திருப்பும்போது இடது முதுகுப் பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பதற்கென்றே ஒரு மலை போன்ற ஆளை நிறுத்துவார்கள். அவருக்கு லெஃப்ட் டேக்கிள் என்று பெயர்.

ஸ்மித் 2005-ல் இந்த ஆட்டத்தின் பெரிய தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். எடுத்தது சான் பிரான்சிஸ்கோ அணி. முதல் சில வருடங்கள் சோதனைதான். 2007-ல் வீசும் கைத் தோள்பட்டையில் அடி, அதனால் 2008 முழுக்க ஆட முடியவில்லை. ஒருவழியாக நிமிர்ந்து, 2011-ல் அணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 2012-ல் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. பார்வை மங்கிய நிலையிலும் கொஞ்ச நேரம் ஆடினார் (இதை யாரும் வீரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்), அப்புறம் வெளியே உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் உள்ளே வந்த இளைஞர் காலின் கேப்பர்னிக் பிரமாதமாக ஆட, இவருக்கு இடமே போய்விட்டது. அங்கிருந்து கான்சஸ் சிட்டி. அங்கே ஐந்து பருவம் நன்றாக ஆடிவிட்டு, தன் இடத்துக்கென்று எடுக்கப்பட்ட பேட்ரிக் மஹோம்ஸுக்குக் கூடவே இருந்து வேலையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2018-ல் வாஷிங்டன் அணிக்கு வந்தார்.

2018 நவம்பர் 18. எதிரணி ஹூஸ்டன். ஸ்மித்தின் லெஃப்ட் டேக்கிள் காயத்தால் அன்று ஆடவில்லை. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் எதிரணியின் இரண்டு பேர் சேர்ந்து ஸ்மித்தைச் சாய்த்தார்கள். விழும்போது வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கி முறுக்கியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, தோலும் கிழிந்தது.

சரியாக 33 வருடங்களுக்கு முன், அதே நவம்பர் 18-ல், அதே வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனுக்கும் இதே வலது கால் இப்படித்தான் உடைந்தது. அன்றும் லெஃப்ட் டேக்கிள் இல்லை. 2018-ல் தைஸ்மன் அதே மைதானத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆட்டமும் முடிந்த ஸ்கோர் 23-21. கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

எல்லோரும் அந்த மடங்கிய காலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஸ்மித்துக்கு அது பெரிய ஆபத்தே இல்லை. முழங்காலுக்குக் கீழே முறிவது எங்கள் ஊரில் பைக் ஓட்டுபவர்களுக்கு வாரம்தோறும் நடக்கிறது. அவரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி, நல்ல மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எலும்பை நேராக்கினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

சில நாளில் காய்ச்சல் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் தோல் கொப்பளித்துக் கறுத்துக்கொண்டிருந்தது. தசையையும் தோலுக்கு அடியில் உள்ள திசுவையும் அரித்துக்கொண்டு வேகமாகப் பரவும் கிருமித்தொற்று அது. ரத்தத்திலும் கிருமி ஏறிவிட்டது. டாக்டர்கள் மனைவி எலிசபெத்திடம் சொன்ன வரிசை இதுதான்: முதலில் உயிர், அப்புறம் கால். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிடலாமா என்பது வரை பேச்சு போனது. ஸ்மித்துக்கு அந்த நாட்கள் ஞாபகத்திலேயே இல்லை. முடிவெடுக்க வேண்டிய பாரம் முழுக்க மனைவி தலையில்.

செத்த தசையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மறுபடி தியேட்டர், மறுபடி வெட்டு. கடைசியில் கீழ்க்காலின் முன்பக்கத்தில் எலும்பை மூடத் தசையே இல்லை. இடது தொடையிலிருந்து தசையை எடுத்து இங்கே பொருத்தினார்கள். மொத்தம் 17 ஆபரேஷன். அதில் உடைந்த எலும்புக்காக நடந்தவற்றைவிடக் கிருமிக்காக நடந்தவைதான் அதிகம்.

இங்கேதான் நம் ஆட்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு உடைந்து தோலும் கிழிந்திருந்தால், அது பத்து மில்லிமீட்டர் கீறலாக இருந்தாலும், வேறு கணக்கு. எலும்பின் முனை ஒரு நொடி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். போகும்போது ரோட்டு மண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சின்னக் காயம்தான். "லேசா கிழிச்சிருக்கு, முதல்ல எலும்பைக் கவனிங்க" என்பார்கள்.

மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, ஒருமுறை சிகரெட் சாம்பல் என்று காயத்தில் அப்பிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவை எதுவும் வேண்டாம். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, ரத்தம் வந்தால் அதன்மேல் அழுத்தி, கால் இருக்கிற நிலையிலேயே ஒரு பலகையோ சுருட்டிய நாளிதழோ வைத்துக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். அன்றைக்கே மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். எத்தனை மணிக்கு அடிபட்டது, எங்கே விழுந்தார், சர்க்கரை உண்டா, இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் நல்லது. கட்டு வைத்தியரிடம் போய்விட்டு அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதில் கரைவது அந்த மணிநேரம்தான். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டுக்குள்ளே புண் என்ன ஆகிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

எங்கே விழுந்தார் என்று ஏன் கேட்கிறோம்? கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 2006-ல் வெளிவந்தது. எலும்போடு தோலும் கிழிந்த கடுமையான முறிவில் (திறந்த முறிவு என்போம்) காலைக் காப்பாற்றப் பார்ப்பதா, எடுத்துவிடுவதா என்று தீர்மானிக்க உதவுவது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே 5 வரை மதிப்பெண். அதோடு சர்க்கரை, முதிய வயது, ரத்த அழுத்தம் இறங்கிய நிலை, சாக்கடையிலோ தொழுவத்திலோ விழுந்த அழுக்கு, காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் 2 கூடும். மொத்தம் 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே மேல். நடுவே 15, 16 வந்தால் டாக்டரின் அனுபவம்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் தாமதத்துக்கும் அழுக்குக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்முடைய சாலைகளையும் வயல்களையும் பார்த்தவர்களால்தான் அப்படி யோசிக்க முடியும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஸ்மித்துக்கு மஞ்சள்தூள் யாரும் பூசவில்லை, தாமதமும் ஆகவில்லை. அப்படியும் தொற்று வந்தது. அதனால் தொற்று வந்தாலே "ஆஸ்பத்திரியில கோட்டை விட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஆபரேஷன் முடிந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மருந்துக்கும் அடங்காமல் ஏறினால், காய்ச்சலோடு பேச்சு குழறினால், கட்டின் ஓரத்தில் தோல் பளபளவென்று வீங்கிக் கொப்பளித்தால், நிறம் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்புங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, ஸ்மித்திடம் வருவோம். கீழ்க்காலைச் சுற்றி வளையங்களும் கம்பிகளுமாக ஒரு கூண்டு. எங்கள் நோயாளிகள் இதை ஆண்டெனா என்பார்கள். அதோடு மாதக்கணக்கில் இருந்தார். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ராணுவத்தினருக்கென்று ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடியில் கால் சிதைந்தவர்களுக்கான இடம். தனி அனுமதி வாங்கி அங்கே போனார். தன்னைவிட மோசமாக அடிபட்டவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தது அவருக்குப் பெரிய திருப்பம். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் அவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்திருக்கிறார். எங்கள் தொழிலில் இந்த மாதிரி சின்னக் குறும்புதான் பல நேரம் வேலை செய்யும்.

அந்தச் சமயத்தில் அவருடைய குறிக்கோள் ஆட்டமே இல்லை. நடக்க வேண்டும், மூன்று பிள்ளைகளோடு விளையாட வேண்டும், அவ்வளவுதான். வீடியோக்களில் விட்டுப்போவது இந்த நடுப்பகுதி. 2020 அக்டோபர் 11-ல், அடிபட்டு 693 நாள் கழித்து, மறுபடி களத்தில் இறங்கினார். அந்தப் பருவத்தில் முதல் ஆளாகத் தொடங்கிய ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. மீண்டு வந்த வீரருக்கான விருதும் கிடைத்தது. 2021 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும் பையன்கள் ஆறாவது வாரத்திலேயே குச்சியைத் தூக்கிப் போடுகிறார்கள். என் வருத்தம் அதுதான்.

எத்தனை பாரம் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்னால் அதை எப்படி அளப்பது? நான் வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவரச் சொல்வேன். நல்ல காலை அதே உயரத்துக்கு ஒரு பலகையில் வைத்து, உடைந்த காலை மெஷினில் வைத்து, முள் பத்துக்கு வரும்வரை மட்டும் அழுத்தச் சொல்வேன். பத்துக் கிலோ என்பது பாதத்துக்கு எப்படித் தெரியும் என்று கால் படித்துக்கொள்ள நாலைந்து நாள் ஆகும். அடுத்த எக்ஸ்ரே பார்த்த பிறகு இருபது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது மெதுவாகும் என்பதால் முள் ஏறுவதும் மெதுவாகத்தான்.

போன வருடம் பைக்கில் போய் லாரியில் மோதிய ஒரு பையன் வந்தான். திறந்த முறிவு, அப்புறம் தொற்று. கால் தப்பியது. ஆனால் ஸ்மித்தைப் போலவே முன்பக்கத் தசை கொஞ்சம் போய்விட்டது. பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கும்போது நுனி தரையில் உரசும். அதைவிட அவனைச் சங்கடப்படுத்தியது செருப்பு. கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விடுவான், பின்னால் வருகிறவர்கள்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒருநாள் மெஷினில் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஸ்மித் கதையைச் சொன்னேன். பதினேழு ஆபரேஷன், ராணுவ மையம், விருது எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவருக்கும் செருப்பு கழண்டு விழுமா சார்?" என்றான்.

"பாதத்தைத் தூக்கிப் பிடிக்கத் தாங்கி போட்டிருந்தார்ப்பா" என்றேன். அடுத்த வாரம் குதிகாலில் வார் வைத்த சாண்டல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். தாங்கிக்கு அளவெடுத்து அனுப்பினோம். முள் அன்றைக்கு முப்பதில் நின்றது.