நான் தோழியா வரலீங்க, சாக்கா வந்திருக்கேன்

மாதக்கணக்காகத் தூக்கம் சரியில்லை என்றுதான் அந்த டீச்சர் என்னிடம் வந்தார். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. மூன்றாவது சந்திப்பில் வீட்டைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசி முடித்து, கிளம்பப் பையை எடுத்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். “ஒரு தீம் பார்க் போனோமுங்க. அதுல இருந்துதான்” என்றார்.

நான் குடும்பநல ஆலோசகர். கணவன் மனைவி சண்டை, மாமியார் மருமகள் சண்டை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நட்பு முறிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. அது தூக்கமின்மையாக, தலைவலியாக, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதாக வேறு பெயரில்தான் வரும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் தோழிக்காக அழுவதை நம் ஊரில் யாரும் ஒரு துக்கமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருவரும் திருப்பூர்ப் பக்கம். பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச். ஒருவர் டீச்சர், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வீடு நிறைய ஆட்கள். இன்னொருவர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். விவாகரத்தாகி நான்கு வருடம், அம்மா வீட்டில் இருக்கிறார். காலாண்டு லீவில் கேரளப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு இருவர் மட்டும் போவது என்று முடிவு செய்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் குடும்பம் இல்லாமல் டீச்சர் கிளம்பிய முதல் பயணம் அது. இரண்டு நாளைக்குச் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மாமியாரின் முகச் சுளிப்பைத் தாங்கி, சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

பார்க் வாசலில்தான் தெரிந்தது, டிக்கெட் மூன்று என்று. “ஒரு ஃப்ரெண்டு வர்றாரு புள்ள, தப்பா நினைச்சுக்காதே.” அவர் கம்பெனி வேலையில் பழக்கமானவர். ஒன்றரை வருடப் பழக்கம். வேறு சாதி. வீட்டில் மூச்சுவிட முடியாது. டீச்சருக்கு அந்த நிமிடம் வரை எதுவும் தெரியாது.

தண்ணீர் விளையாட்டுகளுக்கு நைலான் உடை மாற்றிக்கொண்டு போனையும் பர்ஸையும் லாக்கரில் வைக்க வேண்டும். இருவருக்குமாக ஒரே லாக்கர் எடுத்தார்கள். சாவி ரப்பர் பட்டையோடு தோழியின் கையில். பதினொன்றரை மணிக்கு, “அரை மணி நேரம், பெரிய ரோலர் கோஸ்டர் போயிட்டு வந்துடறோம்” என்று அவர்கள் இருவரும் போனார்கள். டீச்சருக்கு உயரம் என்றால் பயம், அதனால் கீழேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது மணி மூன்று. அதுவரை டீச்சர் ஈர உடையோடு லாக்கர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன் இல்லை, கையில் பத்து ரூபாய் இல்லை, மாற்று உடையும் உள்ளே. பசியைவிட, தேடிப் போனால் அவர்கள் வந்து தன்னைக் காணாமல் தவிப்பார்களே என்ற நினைப்புதான் அவரை அங்கேயே உட்கார வைத்தது.

லாக்கரைத் திறந்தால் தோழியின் போனில் அவர் அம்மாவிடமிருந்து பதினேழு தவறிய அழைப்புகள். டீச்சரின் போனில் கணவரிடமிருந்து மூன்று. சின்னவனுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா டீச்சரின் எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டார். எடுத்த எடுப்பில், “கண்ணு, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கீங்க?” டீச்சர் சொன்னார்: “ஒண்ணாத்தான் இருக்கோமுங்கம்மா. தண்ணியில இருந்தோம், போன் உள்ள இருந்துச்சு.” சொல்லி முடித்துவிட்டுத்தான் மகனைப் பற்றி விசாரிக்கக் கணவரைக் கூப்பிட்டார். அன்றிரவு பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. ஏழு மாதம் பேசவில்லை.

“அவ லவ் பண்ணுறதுல எனக்கு என்னங்க வருத்தம், நல்லா இருக்கட்டும். ஆனா நான் தோழியா வரலீங்க, சாக்கா வந்திருக்கேன்” என்றார் என்னிடம்.

இந்தச் ‘சாக்கு’ நம் ஊரில் எவ்வளவு பழையது என்று எல்லாருக்கும் தெரியும். நோட்டு வாங்கத் தோழி வீடு, கோயிலுக்குத் தோழியோடு, குரூப் ஸ்டடி. வளர்ந்த பெண்களுக்கும் அது தீர்வதில்லை. சம்பளம் வாங்கினாலும் விவாகரத்தானாலும் வெளியே போகத் துணை ஒருத்தியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொய்யை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. சாதி கடந்த காதலுக்காகக் கொலை வரைக்கும் போகும் ஊரில், வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று ஒரு ஆலோசகர் புத்தி சொல்ல முடியாது; சொல்லக் கூடாது. ஆனால் வீட்டுக்குப் பொய் சொல்வது வேறு, அந்தப் பொய்யைச் சுமக்கப்போகிறவளிடமே பொய் சொல்வது வேறு. இரண்டாவதில்தான் நட்பு அறுந்துபோகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தால் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது தோழியைத்தான். அந்த ஆண் நல்லவராக இல்லாமல் போனால், பாதி வழியில் ஒரு விபத்து என்றால், நீங்கள் எங்கே யாரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அவளுக்கும் தெரியாது என்றால் உங்களைத் தேடி வர உலகத்தில் யாருமே இல்லை. அன்று லாக்கர் வாசலில் ஒரு கெட்ட செய்தி வந்திருந்தால், தோழியோடு போன மனிதரின் முழுப்பெயரைக்கூட டீச்சரால் சொல்லியிருக்க முடியாது.

பிறகு தோழியும் தனியாக என்னைப் பார்க்க வந்தார். ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா வரமாட்டா. வந்தாலும் புத்தி சொல்லியே கொன்னுடுவா.” அதிலும் உண்மை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஒரு பெண்ணின் மறுமணப் பேச்சு வந்தபோது, “இந்த வயசுல இது தேவையா?” என்று டீச்சர் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு அது ஞாபகமே இல்லை. கேட்டவர் அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்தவளைப் பற்றி நாம் விடும் ஒரு வார்த்தையைப் பக்கத்தில் இருப்பவள் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாள். விவாகரத்தான தோழி இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். “அன்னைக்கு அந்த ரைடுல இருந்து இறங்கும்போதுதான் இவருதான்னு முடிவாச்சு.” அவருடைய காதலை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த ‘இறங்கும்போது’ பற்றி ஆய்வு இருக்கிறது. சிண்டி மெஸ்டன், பென்னி ஃப்ரோலிச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கத் தீம் பார்க்குகளில் ரோலர் கோஸ்டர் ஏறக் காத்திருந்தவர்களிடமும் இறங்கி வந்தவர்களிடமும் எதிர்பாலினத்தவர் ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, எவ்வளவு ஈர்ப்பாக இருக்கிறார் என்று மதிப்பிடச் சொன்னார்கள். 2003இல் முடிவு வெளியானது. காதல் உறவில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்களில், இறங்கி வந்தவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பயத்தில் படபடக்கும் நெஞ்சை, ஆசையில் படபடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். காதலரோடு போனவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் புதுப் பழக்கத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ராட்டினத்தில் எடுத்த முடிவை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பஸ் தாமதமாகி எரிச்சலில் இருக்கும்போது இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள் என்பதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ராபின் டன்பார் காட்டியதையும் டீச்சரிடம் சொன்னேன். ஒருவருக்கு மிக நெருக்கமானவர்கள் சுமார் ஐந்து பேர். புதிதாக ஒரு காதல் வந்தால் அந்த வட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு பேர் வெளியே போய்விடுகிறார்கள். வெறுத்து ஒதுக்குவதில்லை, நேரமும் கவனமும் அங்கே போய்விடுகிறது. டீச்சர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குக் கல்யாணமானப்ப நானும் இவளை இப்படித்தான் விட்டிருப்பேனுங்களா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தோழியின் பெயரைச் சொல்லிக் கிளம்புகிறவர்களுக்கு நான் வலியுறுத்துவது இதை. அவளிடம் முதலிலேயே கேளுங்கள், பார்க் வாசலில் அல்ல. முடியாது என்று சொல்ல அவளுக்கு இடம் இருக்க வேண்டும். யாரோடு போகிறீர்கள், அவர் எண், வண்டி எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதெல்லாம் அவளிடம் இருக்கட்டும். லொகேஷனைப் பகிர்ந்துவிட்டுப் போங்கள். போன், பணம், லாக்கர் சாவி அவரவரிடம் தனித்தனியாக. தன் பெயரைக் கொடுக்கும் தோழியும், எதுவரை பொய் சொல்வேன், எந்த நேரம் தாண்டினால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அது துரோகம் ஆகாது.

வீட்டில் மிரட்டல் என்ற நிலை வந்துவிட்டால் தோழி மட்டும் தாங்க முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் சொல்லியிருக்கிறது. அத்தகைய ஜோடிகளின் புகாரைக் கவனிக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்த அன்று டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்த மூணு மணி நேரத்துல ஒரு தடவையாச்சும் சாவி உங்கையில இருக்கறது ஞாபகம் வந்துச்சா?”

மறந்தே போச்சு என்று சொல்லியிருந்தால் பேச்சு சுலபமாக முடிந்திருக்கும். தோழி தரையைப் பார்த்துக்கொண்டு, “வந்துச்சு. ரெண்டு தடவ” என்றார். அப்போதுதான் டீச்சர் அழுதார். ஏழு மாதத்தில் அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார்.

தோழி வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த மனிதரின் பெயர், எண், வீட்டு முகவரி மூன்றும் டீச்சரிடம் இருக்கிறது. போன மாதம் தோழியையும் அவரையும் டீச்சர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.