நாற்பது வயதில் ஆட்டிசம்: எப்படிக் கண்டறிகிறார்கள்?

மூன்று வயது மகனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த அப்பா, கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? சட்டைக் கழுத்து உறுத்துகிறது என்று அழுகிறானா? பொம்மைகளை வரிசையாக அடுக்குகிறானா? பக்கத்தில் பாட்டி, "இதுல என்ன இருக்கு? இவன் அப்பனும் சின்னதுல இப்படித்தான்" என்கிறார். பேனா அங்கேயே நின்றுவிடுகிறது.

தனக்கு ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதிலும் சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதிலும் சிறுவயதிலிருந்தே இருக்கும் வேறுபாடு) இருக்குமோ என்ற கேள்விக்குப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள், பிள்ளை வழியாக. பாட்டி சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதிலும் இன்னொருவருக்கு இல்லாததிலும் மரபணுக்களின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று பெரிய ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன.

அப்படியானால் அந்த அப்பாவுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? அவர் சிறுவனாக இருந்தபோது ஆட்டிசம் என்ற சொல்லுக்குள் அவர் அடங்கவே இல்லை. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து, பல ஆண்டுகள் அது சின்னக் குழந்தைகளின் கோளாறாகவே பார்க்கப்பட்டது. சரளமாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற குழந்தைகளிலும் இதே அடிப்படை இருக்கிறது என்பதை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-இல் அழுத்திச் சொன்னார். அப்படிப்பட்டவர்களுக்கான ஆஸ்பெர்கர் நோய்க்குறி என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற 1994 ஆனது. 2013-இல் வந்த அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாக இணைத்தது. 1985-இல் முதல் ரேங்க் வாங்கி, இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்த பையனை எல்லாரும் 'கூச்ச சுபாவம்' என்றார்கள். அதோடு சரி.

ஆட்டிசத்தை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேனும் இல்லை. நடத்தையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிக்கலே அங்கேதான். நாற்பது வயதுக்குள் ஒருவர் எவ்வளவோ கற்றுக்கொண்டிருப்பார். கண்ணைப் பார்க்க முடியாதபோது புருவ மத்தியைப் பார்ப்பார். போன் பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாகச் சேர்ந்து சிரிப்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் படுத்திருப்பார். இதை முகமூடி அணிதல் என்கிறார்கள். பெண்களிடம் இது அதிகம் காணப்படுவதால் அவர்கள் இன்னும் தாமதமாகவே கண்டறியப்படுகிறார்கள்.

டிஎஸ்எம்-5 இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்திருக்கலாம் என்கிறது. அதனால் பெரியவரைச் சோதிப்பது என்பது பாதிக்கு மேல் அவருடைய பழைய காலத்தைச் சோதிப்பதுதான்.

முதலில் கேள்வித்தாள். 2001-இல் கேம்பிரிட்ஜில் உருவான ஏக்யூ என்ற, ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் தாளில் 50 கேள்விகள். மற்றவர்கள் கவனிக்காத சின்னச் சத்தங்கள் உங்களுக்குக் கேட்கிறதா, கார் நம்பர் பிளேட்டுகளைக் கவனிப்பீர்களா என்று போகும். 32 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். கடுமையான பதற்றம் இருப்பவருக்கும் மதிப்பெண் ஏறும். ஆன்லைனில் நிரப்பிப் பார்த்து அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, நேரில் கவனிப்பது. ஏடாஸ் என்ற முறையில் சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்வார்கள். பல் துலக்குவதை நடித்துக் காட்டச் சொல்வார்கள். சொல்லோடு கையும் சேர்ந்து பேசுகிறதா என்பது அதில் தெரியும். நடுவே சோதிப்பவர், "போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். "எந்த ஊர்?" என்று எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று பார்ப்பார்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யாராவது ஊருக்குப் போனதாகச் சொன்னால் எந்த ஊர் என்று கேட்க வேண்டும் என்பதை ஒருவர் பதினைந்து வயதில் விதியாக மனப்பாடம் செய்திருக்கலாம். அவரும் கேட்பார், குறை தெரியாது. அதனால் நல்ல மருத்துவர் மதிப்பெண்ணோடு நிற்க மாட்டார். "இப்படிப் பேசுவது உங்களுக்கு எவ்வளவு களைப்பாக இருக்கிறது?" என்றும் கேட்பார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களே, உங்களுக்கு ஆட்டிசம் இல்லை' என்று அனுப்பிவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சமூகப் பதற்றம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்), ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) போன்றவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இவை ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். ஏடிஎச்டியையும் ஆட்டிசத்தையும் ஒருவருக்கே எழுத 2013 வரை கையேடு அனுமதிக்கவில்லை. எத்தனையோ பேருக்குப் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கும்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயம் தனி. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அளவிடுவது ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்வி அளவுகோலால். குறைந்தது 70 மதிப்பெண் வர வேண்டும். தனியாக, திரும்பத் திரும்ப ஒரே விளையாட்டை விளையாடுகிறாரா என்பது போன்ற கேள்விகள் ஒரு வங்கி ஊழியருக்கு எப்படிப் பொருந்தும்? மருத்துவர் ஆட்டிசம் என்று உறுதி செய்த பிறகும் சான்றிதழ் கைக்கு வராமல் போகலாம்.

எல்லாவற்றிலும் கனமான சான்று சிறுவயதுச் செய்திதான். எத்தனை வயதில் பேச்சு வந்தது, கல்யாண வீட்டில் மேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு எங்கே ஓடினான், தட்டில் சோற்றோடு குழம்பு ஒட்டினால் ஏன் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அம்மாவுக்கும் அத்தைக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட உதவும். மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கு முன்பே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே, வயதும் ஊரும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.