புளூடூத் ராஜாவின் கோட்டைக்கு வயது சொன்ன ஓக் கட்டை

போனில் நாம் தட்டுகிற புளூடூத், 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட வைக்கிங் மன்னன் ஹரால்ட் புளூடூத்தின் பெயர்தான். யெல்லிங் ஊரில் அவன் வைத்த கல்லில், டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றவன், டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் வெட்டியிருக்கிறது. சொன்னது அவனே என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

ஆனால் அவன் செய்த பெரிய வேலை ஒன்று கல்லில் இல்லை. 1930களில் டென்மார்க்கின் டிரெல்லெபோர்க்கில் ஒரு கோட்டையைத் தோண்டினார்கள்: கச்சிதமான வட்டம், நான்கு வாசல், உள்ளே நான்கு நான்காக 16 நீண்ட வீடுகள். 1013இல் இங்கிலாந்தைப் பிடித்த அவன் மகன் ஸ்வெய்ன் படை திரட்டிய முகாம் என்றே வெகுகாலம் நம்பினார்கள்.

கணக்கை மாற்றியது மரம். ஓக் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும்; நல்ல பருவத்தில் அகலமாக, மோசமான பருவத்தில் ஒல்லியாக. ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதால், இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்களைப் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்தி, அதை இன்னும் பழைய கட்டையோடு பொருத்தி, அப்படியே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பின்னால் போய்விடலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால் யோகம்தான். வசந்தத்தில் ஓக் போடும் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும், கோடையில் வளரும் பகுதி நெருக்கமாக இருக்கும். அந்தக் கடைசி வளையத்தில் இரண்டும் முழுசாக இருந்தால் மரம் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ வெட்டப்பட்டது. காய்ந்த ஓக்கைச் செதுக்குவது பெரும்பாடு, அதனால் பச்சையாகவே வேலை செய்தார்கள். ஆக வெட்டிய வருஷமும் கட்டிய வருஷமும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

டிரெல்லெபோர்க் கட்டைகள் சொன்னது 980-81. அப்போது அரசன் ஹரால்ட். ஸ்வெய்ன் இன்னும் அரியணைக்கே வரவில்லை. யெல்லிங் பக்கத்து ராவ்னிங் எங்கேயில் சதுப்பு நிலத்தின் மேல் போட்ட 700 மீட்டருக்கும் நீளமான மரப்பாலமும் 980 வாக்கில்தான். எவ்வளவு காட்டை வெட்டியிருப்பான், எத்தனை ஆளை வேலை வாங்கியிருப்பான் என்று யோசித்தாலே கல்லில் உள்ள பெருமை முழுக்க வெட்டிப் பேச்சில்லை என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒன்று. மண்ணில் நட்ட கம்பம் சில பத்து வருஷத்தில் இற்றுவிடும், ஆனால் டிரெல்லெபோர்க் போன்ற இந்த வட்டக் கோட்டைகளில் கம்பங்களை மாற்றிய தடயம் அரிது. 986 வாக்கில் ஸ்வெய்ன் கலகம் செய்து அப்பாவை விரட்டிவிட்டான். கோட்டைகளைப் பராமரிக்க அவன் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.