வெளிச்சம் கூடினால் பாசி வெளுக்கும்

நீலப்பச்சைப் பாசி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவருவது ஒரே மாதிரிக் குடுவைதான். முந்தாநாள் பசேலென்று இருந்தது, இன்று மஞ்சளாக வெளுத்துக் கிடக்கும். உரம் போதவில்லையா என்பார்கள். நைட்ரஜன் குறைந்தாலும் வெளுக்கும், சரிதான். ஆனால் நான் முதலில் கேட்பது, விளக்கை எவ்வளவு கிட்டே வைத்தீர்கள் என்றுதான்.

ஒளிதானே அதற்குச் சாப்பாடு, கூடக் கொடுத்தால் என்ன? பச்சையம் வாங்கிய ஆற்றல் செலவாக வழியில்லாதபோது பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குத் தாவிவிடுகிறது. அந்த ஆக்சிஜன் வெறிபிடித்ததுபோல் சுற்றியுள்ள புரதங்களை அரிக்கும்.

இதைத் தடுக்கப் பாசியிடம் ஒரு காவல் உண்டு: ஆரஞ்சு கரோட்டினாய்டு புரதம், அதாவது கரோட்டினாய்டு என்ற நிறமியைச் சுமக்கும் புரதம். 1981-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள், அதன் வேலை இன்னதென்று தெளிவானது 2006-ல்தான். தூய்மையாக்கிய புரதத்தைச் சிறு குழாயில் எடுத்து நீல ஒளி காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு சிவப்பாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. உள்ளே இருக்கும் ஒற்றைக் கரோட்டினாய்டு 12 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு) நகர, புரதத்தின் இரண்டு பாதிகளும் பிரிகின்றன. இருட்டில் வைத்தால் மெல்ல ஆரஞ்சுக்குத் திரும்பும். குளிரில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும்.

சிவந்த புரதம், ஒளியைத் திரட்டும் ஃபைக்கோபிலிசோமின் நடுப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகிறது. வெளிச்சம் தணிந்ததும் அதைக் கழற்றி எடுக்கப் பல இனங்களில் வேறொரு புரதம் இருக்கிறது.

புரதம் விழுங்கும் நூறு ஒளித்துகள்களில் ஒன்று அதைச் சிவக்க வைத்தாலே அதிகம். இது குறையல்ல. மங்கலான ஒளியில் காவல் விழித்துக்கொண்டால் பாசி பட்டினி கிடக்கும்.

வளர்ப்பவர்கள் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. இந்தப் புரதத்தை எழுப்புவது நீல ஒளியோ நீலப்பச்சை ஒளியோதான், சிவப்பு எழுப்பாது. சிவப்பு எல்இடி மட்டும் போட்டு அளவைக் கூட்டினால், காவல் தூங்க, பாசி அடிவாங்கும். இந்தப் புரதமே இல்லாத இனங்களும் இருக்கின்றன.

நீர்த்த வளர்ப்பில் ஒன்றுக்கொன்று நிழல் கிடையாது, ஒவ்வொரு செல்லும் முழு வெளிச்சத்தை வாங்கும். அதனால் புதிதாக மாற்றிய குடுவையை நான் முதல் இரண்டு நாள் வெள்ளைத்தாள் சுற்றித்தான் வைப்பேன். குடுவைக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியாத அளவுக்குப் பச்சை அடர்ந்த பிறகே தாளை எடுப்பேன்.