சேசிஸ் எண்: அடிச்சட்ட எண்ணும் மறைபொறிப்பும்

வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணுக்கு அருகே இருப்பது சேசிஸ் எண். பட்டறைப் பேச்சில் அது ‘சேஸ் நம்பர்’ என்று தேய்ந்துவிட்டது. பிரெஞ்சு மொழியின் ‘ஷாசி’ என்ற சொல் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த வடிவம் இது. அதன் வேர் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் இச்சொல் முதலில் சன்னல் சட்டத்தையே குறித்தது. மேலும் கீழும் நகரும் சன்னலுக்கு வழங்கும் ‘சாஷ்’ என்ற சொல்லும் இதன் திரிபுதான். பின்னர் பீரங்கியைத் தாங்கும் அமைப்புக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் அடிப்பகுதிக்கும் இது பெயராயிற்று.

தமிழில் ‘அடிச்சட்டம்’ என்ற சொல் இதற்கு வழங்குகிறது. சன்னலுக்கும் படத்துக்கும் சிலேட்டுக்கும் சட்டம் என்று சொல்லும் மொழியில் இது இயல்பாகவே பொருந்துகிறது. சட்டம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வரும் என்று அஞ்சுவோர் ‘அடிச்சட்டகம்’ என எழுதுகிறார்கள், அதிலும் தவறில்லை.

ஆனால் அடிச்சட்ட எண்ணும், ஒவ்வொரு வண்டியையும் தனித்து அடையாளம் காட்டும் வாகன அடையாள எண்ணும் (வி.ஐ.என்.) எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல. பதினேழு இடங்கள் கொண்ட இன்றைய வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமாயிற்று. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பாதிருக்க அதில் ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று எழுத்துகள் இடம்பெறுவதில்லை. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண்ணிட்டது. பொறித்த இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கும்படி எண் இருக்க வேண்டும் என்ற விதியே 1969 ஜனவரியில்தான் அங்கு நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கால எண்ணுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபோர்டு மஸ்டாங். மிச்சிகனில் டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் மஸ்டாங்கின் எண் 5எஃப்08எஃப்100001. முதல் 5 என்பது 1965 மாடல். எஃப் என்பது டியர்போர்ன் ஆலை. 08 என்பது திறந்த கூரை. அடுத்த எஃப் 260 கன அங்குல வி8 எஞ்சின். எஞ்சியது வரிசை எண். எஞ்சினுக்குரிய அந்த இடத்தில் ‘கே’ இருந்தால் அது 271 குதிரைத்திறன் கொண்ட அரிய வகை; விலை வெகுவாக ஏறும். ஒரே எழுத்துக்கு இத்தனை மதிப்பு இருப்பதால்தான் எண்ணைத் திருத்தும் ஆசையும் வருகிறது.

மஸ்டாங்கில் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ரிவெட் அடித்த தகட்டிலும் இந்த எண் உண்டு என்றாலும், கதவை மாற்றினால் தகடும் போய்விடும். போலித் தகடு செய்வதும் கடினமல்ல. ஆகவே வாங்குவோர் நம்ப வேண்டியது எஞ்சின் அறையின் இடப்புற உள்தகட்டில் நேரடியாகப் பொறித்த எண்ணையே. மட்கார்டின் விளிம்பில் வெட்டிய சிறு பிளவின் வழியே அது தெரியும். அதே எண் மட்கார்டுக்கு அடியில், கழற்றினாலன்றிக் கண்ணில் படாத இடத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் எண்ணைத் தேய்த்து அழித்தவன் இதை மறந்துவிட்டால் அகப்படுவான். அடிச்சட்டமும் அதன்மேல் அமரும் உடற்கூடும் தனித்தனியாக உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் அடிச்சட்டத்தின் மேல்முகத்தில் பொறிப்பு இருக்கும். கூட்டைத் தூக்கினால்தான் அதை முழுதாகப் படிக்க முடியும். எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் வரிசை எண் உள்ளிட்ட ஒரு பகுதி மட்டும் இருப்பதுண்டு.

இப்படி மறைத்துப் பொறித்த எண்ணை நான் ‘மறைபொறிப்பு’ என்பேன். ‘இரகசிய எண்’ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. எண்ணில் இரகசியம் ஏதுமில்லை, மறைந்திருப்பது அதன் இடமே. மஸ்டாங்குக்கு அடிச்சட்ட எண் என்று சொல்வதும் சற்று நெருடலே. நம் அம்பாசடரைப் போல அதற்கும் தனி அடிச்சட்டம் கிடையாது, கூடே வண்டியைத் தாங்குகிறது. ஆகவே வண்டிக்குரிய முழு எண்ணை வாகன அடையாள எண் என்றும், தனிச் சட்டம் உள்ள வண்டியில் அதன் மேல் பொறித்ததை மட்டும் அடிச்சட்ட எண் என்றும் எழுதுவது துல்லியம்.

மறைபொறிப்பைத் தேடும்போது கிரைண்டரையோ உப்புத்தாளையோ எடுக்கக் கூடாது. பெயிண்ட் நீக்கியால் வண்ணத்தை இளக்கித் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கலாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பென்சில் பிரிண்ட் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணை யாரோ அராவி அழித்திருந்தாலும், பொறித்தபோது நசுங்கிய உலோகம் பள்ளத்துக்குக் கீழேயும் சற்று ஆழம்வரை மாறியே இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் தாமிரக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவும்போது அப்பகுதி சுற்றியுள்ள எஃகிலிருந்து வேறுபட்டு அரிக்கப்படும். மிக ஆழமாக அராவியிராவிட்டால் அழிந்த இலக்கங்கள் மீண்டும் புலப்படும்.