காப்பீட்டு அட்டை வீட்டுப் பெண்ணுக்கும்தான்

மார்பில் கட்டி தெரிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தள்ளிப்போடும் பெண்கள் நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கும். "எனக்குச் செலவாக்கிட்டா, நாளைக்கு அவருக்கு நெஞ்சுவலின்னு வந்தா என்ன செய்ய?" என்று அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலை வேலைக்கு, போகும் அக்கா ஒருவர் கேட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அடுத்த ஆண்டு மறுபடியும் முழுத் தொகை. மிச்சம் வைத்த பணம் அதோடு சேராது. மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டுக்கும் இதில் சிகிச்சை உண்டு. தள்ளிப்போட்டால் நோய்தான் முற்றும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை எடுக்கலாம். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர்தான் குடும்பக் கணக்கில் வருவார்கள். கணவரை இழந்து அண்ணன் வீட்டில் இருக்கும் பெண் அண்ணன் அட்டைக்குள் வரமாட்டார். இது பலருக்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிகிறது. அவர் தன் பெயரில் ரேஷன் அட்டை எடுத்து, தன் வருமானச் சான்றோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நீரோடியிலிருந்தோ பேச்சிப்பாறையிலிருந்தோ வருகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது ஒரு ஆறுதல். கிளம்பும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் இரண்டாவது நடை மிச்சம். கணவர் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலிலோ வளைகுடாவிலோ இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்று வாங்கும் வேலையையாவது நீங்களே தொடங்கிவிடுங்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும் செலவு இதில் வராது. பிரஷர், சுகர் மாத்திரைக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வரும். பிரசவத்துக்கும் இந்த அட்டை தேவையில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை போன்ற அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்பட இலவசம்.

காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை என்றால், சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி அனுமதி வாங்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் அதே இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

அப்புறம் இன்னொன்று. ஆபரேஷனுக்கு "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று யாராவது சொன்னால், 18 வயது முடிந்து சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவருடைய சொந்தச் சம்மதமே சட்டப்படி போதும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.