டெம்பரிங்: தோய்ச்சல் வேறு, பதம் வேறு

உளியின் நுனி சில்லுச் சில்லாகத் தெறித்தாலும் 'டெம்பர் சரியில்லை', மழுங்கினாலும் 'டெம்பர் சரியில்லை' என்பார்கள். இரண்டும் நேரெதிர்க் கோளாறுகள். முதலாவதில் கடினம் மிஞ்சிவிட்டது, இரண்டாவதில் இறங்கிவிட்டது.

சொல்லின் வேர் 'டெம்பெராரே' என்ற லத்தீன் வினை. அளவாகக் கலப்பது, மட்டுப்படுத்துவது என்று பொருள். இன்றைய உலோகவியலில் டெம்பரிங் என்றால், ஏற்கெனவே கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் குணத்தைக் குறைப்பது. கடினமாக்குவது அதற்கு முந்தைய வேலை, பெயர் குவென்ச்சிங். சுமார் 0.8% கரி உள்ள எஃகை 780–800 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி (காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே) சட்டென்று முக்கினால், கரியணுக்கள் பிரிந்துபோக நேரமின்றி படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்த அமைப்பே மார்ட்டென்சைட். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 65-ஐ நெருங்கும், கண்ணாடிபோல் உடையும். அப்படியே இரவு முழுக்கப் போட்டுவைத்தால் தானாகவே வெடிப்பு விடுவதும் உண்டு. கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே டெம்பரிங்குக்குப் போய்விட வேண்டும்.

முக்குவதற்குத் தமிழில் தோய்ச்சல், துவைச்சல் என்ற சொற்கள் இருக்கின்றன. காய்ந்த இரும்பு குடித்த நீரை மீட்க முடியாது என்று புறநானூறே (21) உவமை சொல்கிறது.

கொல்லர் உளிக்குத் துவைச்சல் போடும்போது இரண்டு வேலையும் ஒரே சூட்டில் முடிந்துவிடும். நுனியில் இரண்டு அங்குலம் சிவக்கக் காய்ச்சி, ஓர் அங்குலம் மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பின்பகுதியில் மிஞ்சிய சூடு நுனிக்கு நகர நகர நிறம் ஓடும்: 220–230-இல் வைக்கோல் மஞ்சள், 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா வந்ததும் முழுதாக முக்கிவிட வேண்டும். நீலம் வரை விட்டால் மழுங்கும். இந்த நிறக்கணக்கு சாதாரணக் கரி எஃகுக்கே பொருந்தும். துருப்பிடிக்காத எஃகில் நம்பினால் ஏமாற்றம்தான்.

நிறம் பார்ப்பதும் பாகுக்குப் பதம் பார்ப்பதும் ஒரே ஜாதி வேலை. எனவே டெம்பரிங்குக்குப் பதமாக்கல் என்ற சொல்லே பொருத்தம். லத்தீன் பொருளும் அதில் அப்படியே வருகிறது. 'பதப்படுத்தல்' தோலுக்கும் மீனுக்கும் போய், வெப்பமுறைகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவும் ஆகிவிட்டதால் இங்கே குழப்பும். எஃகை மென்மையாக்கும் அனீலிங்குக்கு ஆறவிடல் போதும்: காய்ச்சி, உலையிலேயே மெல்ல ஆறவிடுவதுதானே.

வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியிலும் தோய்ச்சலும் பதமாக்கலும் அடுத்தடுத்து நடக்கின்றன. உருட்டாலையிலிருந்து செந்தணலாக வரும் கம்பியின் மேல் நீர் பீய்ச்சும்போது மேற்பரப்புக்குத் தோய்ச்சல். உள்ளிருந்து கிளம்பி வரும் சூட்டில் அதே மேற்பரப்புக்குப் பதமாக்கல். கம்பியை யாரும் முறுக்குவதில்லை. 'முறுக்குக் கம்பி' என்பது முன்பு உண்மையாகவே குளிர்நிலையில் முறுக்கி விற்ற கம்பியின் பெயர். கடைகளில் அந்தப் பெயர் டி.எம்.டி. கம்பிக்கும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.